காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்: நடுக்கத்தை ஆராயும் கதிரியக்க மருந்து



முதியவர் ஒருவரின் கை நடுங்கினால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைந்துவிடுவது நம்மிடையே வழக்கம். ஆயினும் நடுக்கங்கள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து எழுவன அல்ல. 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயில், கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் மிகும், அசைவு தளரும், தசை இறுகும். மற்றொரு வகையிலோ, கோப்பையை ஏந்தும்போதும் எழுதும்போதும் நடுக்கம் தோன்றும். இதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இன்றியமையாத நடுக்கம்' என்றாகிப் பொருள் கெடும். பிறிதொரு நோயின் விளைவாக அன்றித் தானே எழுவது என்பதே கருத்தாதலின், 'தன்னியல்பு நடுக்கம்' என்பது பொருந்தும்.

இவ்விரண்டிற்கும் மருந்து வேறு. பின்வரும் வாழ்க்கையும் வேறு. தொடக்க நிலையில் இவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்க்கும் சில வேளைகளில் அரிதாகிறது. எம்.ஆர்.ஐ. படம் மூளையின் வடிவத்தைக் காட்டும். உயிரணுக்களின் செயலை அறிய வேறு வழி வேண்டும்.

அவ்வழிகளுள் ஒன்றே அயோஃப்ளூபேன் என்னும் மருந்து. அதில் அயோடின்-123 என்னும் கதிரியக்க அணு பிணைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டிலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. நரம்பின் வழியே செலுத்தப்படும் இம்மருந்து மூளையை அடைந்து, டோபமைனை மீள உள்ளிழுக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். டோபமைன் நரம்பணுக்களின் முனைகளில்தான் அப்புரதங்கள் செறிந்துள்ளன. மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, அங்கிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களைக் கருவி பதிவு செய்யும்.

நரம்பணுக்கள் நலமாக இருப்பின், மூளையின் இருபுறமும் காற்புள்ளி போன்ற இரண்டு ஒளி வடிவங்கள் தெரியும். பார்க்கின்சன் நோயில் காற்புள்ளியின் வால் முதலில் மங்கும்; எஞ்சுவது முற்றுப்புள்ளி. தன்னியல்பு நடுக்கத்தில் காற்புள்ளி சிதையாது நிற்கும். சில மருந்துகளின் பக்கவிளைவாக வரும் நடுக்கத்திலும் அவ்வாறே.

எனினும் இப்படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பார்க்கின்சன் நோயை ஒத்த வேறு சில நோய்களிலும் டோபமைன் நரம்பணுக்கள் அழிவதால், அவற்றிலும் வால் மங்கும். ஆகவே நோயாளியின் வரலாறும் மருத்துவரின் நேரடி ஆய்வும் படத்தோடு சேர்ந்தே முடிவு கூறவேண்டும்.

'கதிரியக்கம்' என்ற சொல் நம் இல்லத்து முதியோர்க்கு அச்சம் தரலாம். அயோடின்-123 ஏறத்தாழ 13 மணி நேரத்தில் பாதியாகும், 26 மணி நேரத்தில் கால் பங்காகும், இவ்வாறே தேயும். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அக்கதிரியக்க அயோடினை ஈர்த்துவிடாதிருக்க, முன்னதாகச் சாதாரண அயோடின் மருந்து தருவர். இவற்றைத் தாய்மொழியில் தெளிவாக எடுத்துரைத்தால், அச்சத்தால் சோதனையை மறுப்பவர் அறிந்து முடிவெடுப்பார்.

மாணவர்களே, அறிவியல் பாடத்தில் நீங்கள் கற்கும் 'அரை ஆயுட்காலம்' தேர்வுத் தாளோடு முடிவதன்று. உங்கள் பாட்டனாரிடம் அதை அவர் மொழியில் விளக்க வல்லவராகுங்கள். அவ்விளக்கத்தைப் பயிற்றுவிப்பது ஆசிரியப் பெருமக்களின் கடனாகும்.