மஞ்சள் மெதுவாகத்தான் வேலை செய்யும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய உரை)



"வீக்கத்துக்கு வீட்டு மருந்து" என்று தலைப்பைக் கொடுத்து, ஐந்து நிமிடம்தான் என்று எச்சரித்தும் விட்டார்கள். ஆகையால் நேரே எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தாயார் இந்த ஜொகூர் மண்ணில் இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் சீவியவர். மேடு பள்ளமெல்லாம் வாளி சுமந்த கால்கள். அறுபது வயதில் முழங்கால் வீங்கிவிட்டது. பசார் மாலாமில் ஒருவர் "சுத்த மூலிகை" என்று போத்தலில் மாத்திரை விற்றார். மூன்றே நாளில் அம்மா எழுந்து நடந்தாங்க. "பார்த்தியா, நீ படிச்ச படிப்பெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது" என்று என்னைக் கேலி வேறு. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்?

நான்கு மாதத்தில் முகம் உப்பிப் பௌர்ணமி நிலாவாயிற்று. இனிப்புநீர் ஏறிற்று. டாக்டர் அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவு எண் இல்லை. "இதில் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள்" என்றார். டெக்சாமெத்தசோன் என்ற அந்த மருந்தைப் பதிவில்லாத மூலிகைப் பொருள்களில் நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நீண்ட நாள் தின்றபின் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிட்டிருக்கும். டாக்டர் பார்வையில், படிப்படியாகத்தான் விட வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் விட்டது.

அப்படியானால் மூலிகையே பொய்யா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள மூட்டுகிற நெருப்பைத்தான் 'அழற்சி' என்கிறோம். அது அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால்தான் தொல்லை. அதைத் தணிக்க உதவும் பொருள்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே உண்டு.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணாற்றும் அதன் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமையே வாங்கிவிட்டது! இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைக் காட்டி வழக்காடியது. 1997இல் காப்புரிமை ரத்தாயிற்று. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் அதிகம் ஒட்டாது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அது சுமார் இருபது மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்ததென்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் கண்டார்கள். எண்ணெயிலும் அது கரையும். பாட்டி ரசத்தில் இரண்டையும் சேர்த்துத் தாளித்ததற்கு வேறு காரணம் இருக்கலாம், ஆனாலும் கைராசிதான்!

இஞ்சியும் நல்லது. முடக்கத்தானின் பெயரிலேயே 'முடக்கு அற்றான்' என்று மருந்து இருக்கிறது. தோசை மாவில் அரைத்து ஊற்றலாம். மலாய்க்காரர்கள் உலாமில் உண்ணும் பெகாகா நம் வல்லாரைதான். மீன் வாங்கினால் கெம்போங் வாங்குங்கள். ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய, விலையும் அதிகமில்லை.

ஆனால், இவையெல்லாம் சாப்பாடு. மூன்று நாளில் யாரையும் எழுப்பி நடக்க வைக்காது. மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் துணை நிற்கும். கெட்டிப் பால் தேநீரைக் குறைத்து உடம்பு ஒரு கிலோ இறங்கினால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறதாம். எந்தக் கஷாயமும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

மருந்தென்று வாங்குவதானால் பெட்டியைப் பாருங்கள். பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும், இலக்கங்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்தும், மினுங்கும் ஒட்டுவில்லையும் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தின்பவர்கள் மஞ்சள் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், இனிப்புநீர்க்காரர் காலில் புண் வந்தாலும், பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே கிளினிக்குப் போங்க.

அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முகம் பழைய முகமாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பள்ளித் தோட்டத்தில் மஞ்சளும் இஞ்சியும் முடக்கத்தானும் வைத்திருக்கிறார்கள். போகும்போது எட்டிப் பாருங்கள். இலையை மட்டும் பறித்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அறிவியல் பாடத்துக்கு வேண்டும்.