பழைய வண்டியின் மீட்டர்கள் பொய் சொன்னால்...
(ஏற்காட்டில் காப்பி, மிளகு விவசாயிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் ஆசிரியன் ஒருவன் ஜீப்பின் மீட்டரைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற முறை மிளகு வாடல் நோயைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கியபோது, வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் கேட்டது வாடல் நோயைப் பற்றி அல்ல. "சார், செகண்ட் ஹாண்ட் ஜீப்பு ஒண்ணு வாங்கினேனுங்க, ஹீட் மீட்டர் முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது, பரவாயில்லைங்களா?" என்றுதான் கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். ஒரு சனவரி மாதம், அடிவாரத்திலிருந்து எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நாகலூர்ப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். "ஏனுங்க சார், தீஞ்ச வாடை வருதுங்களே" என்றார். நான் முள்ளைப் பார்த்தேன். கால் அளவில் அமைதியாக இருந்தது. "இல்லீங்க ஐயா, மீட்டர் சரியாத்தான் காட்டுது" என்றேன். இரண்டு வளைவு தாண்டியதும் என்ஜின் தட்ட ஆரம்பித்து, இழுவை போய், நின்றுவிட்டது. ரேடியேட்டரின் அடிக்குழாய் விரிந்து தண்ணீர் முழுவதும் வழியிலேயே போயிருந்தது. ஹெட் வளைந்துவிட்டது. அந்தச் செலவைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மீட்டர் ஏன் பொய் சொன்னது என்று பின்னால் ஆராய்ந்தேன். உண்மையில் மீட்டரில் கோளாறே இல்லை. என்ஜினில் திருகப்பட்டுள்ள சிறு சென்சார், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரின் சூட்டைத்தான் அறியும். தண்ணீர் இறங்கிப்போனால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. காற்று தண்ணீரைப் போலச் சூட்டைக் கடத்தாது. ஆகவே என்ஜின் வேகும் நேரத்தில் முள் கீழே இறங்குகிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருந்திருக்கக் கூடாது. மண்ணின் ஈரத்தை அளக்க டென்சியோமீட்டர் என்று ஒரு கருவியைத் தோட்டத்தில் நடுகிறோம் அல்லவா? அதன் நுனியில் நுண்துளைகள் உள்ள பீங்கான் குப்பி, குழாயில் தண்ணீர், மேலே முள். மண் காயக் காய முள் ஏறும். ஆனால் மண் மிகவும் காய்ந்தால் குழாய்க்குள் காற்று புகுந்து, முள் மளமளவென்று பூச்சியத்திற்கு வந்துவிடும். பூச்சியம் என்றால் நல்ல ஈரம் என்று பொருள்! வகுப்பில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். என் வண்டியில் எனக்கு நினைவு வரவில்லை.

ஹீட் மீட்டரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வண்டிகளில் சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்தால் முள் குளிர்ந்த பக்கமே நிற்கும். ஒயர் முனையில் களிம்பு பிடித்தாலும் அப்படியே. சென்சாரின் மரையில் டெப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, அதற்கு எர்த் கிடைக்காமல் செய்தாலும் அப்படியே. ஒயர் இல்லாமல் மெல்லிய செம்புக் குழாயால் இயங்கும் பழைய மீட்டர்களில் குழாய் ஓட்டையானாலும் முள் எழாது. பெரும்பாலான பழுதுகள் "எல்லாம் சுகம்" என்ற பக்கமாகவே பொய் சொல்கின்றன. ஆகவே முள் எழாத மீட்டரை, மீட்டரே இல்லாத வண்டியைவிட மோசமானது என்று கொள்ளுங்கள்.

எது பழுது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் நிற்க வேண்டும். அந்த ஒயர் முனையை என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில் ஒரு கணம் தொட்டால், முள் சூட்டுப் பக்கம் நகர வேண்டும். நகரத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் கருகும். ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சிறிய டெஸ்ட் லேம்பை வைத்துத் தொடுவது இன்னும் நல்லது. முள் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நலம். சந்தேகம் சென்சாரின் மேல்தான். நகராவிட்டால் ஒயரையும், பியூஸையும், கடைசியாக மீட்டரையும் பார்க்க வேண்டும். பல மெக்கானிக்குகள் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் மாற்றிவிடுகிறார்கள். இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் யூரியா வைப்பது போலத்தான் இதுவும்.

சென்சாரைச் சோதிக்க, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு அதைக் கழற்றி ஒயரோடு இணைத்து, அதன் உடம்பிலிருந்து இன்னொரு ஒயரால் எர்த் கொடுத்து, நுனியை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் விடலாம். மலையில் பருப்பு வேக நேரமாவதை வீட்டில் உள்ளவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த 95-க்கு முள் எங்கே நிற்கிறதோ, அங்கே கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய எந்த மீட்டரையும்விட அந்தக் கோடு நம்பகமானது.

ரேடியேட்டர் மூடியும் இதோடு சேர்ந்த விஷயம். பழைய ஜீப்புகளில் வரும் 7 பவுண்டு மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 12 டிகிரி அளவில் உயரும். மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால், சேலத்தில் தாக்குப்பிடித்த வண்டி இங்கே வரும்போது பொங்கும். அப்போது மீட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகைக் கோளாறை மலைக்காரர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். மாலையில் பனிமூட்டம் இறங்குகிறது, ஹெட்லைட் போடுகிறோம், உடனே ஹீட் மீட்டரும் டீசல் மீட்டரும் ஒன்றாக நகர்கின்றன. விளக்கு போட்டதால் என்ஜின் சூடாகாது. டேங்கில் டீசலும் கூடாது. டேஷ்போர்டின் எர்த் பழுது என்பதற்கு அதுவே அத்தாட்சி. எர்த் ஒயரைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் போதும். விளக்கு போடாமலே இரண்டு மீட்டரும் ஒருசேரக் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால், அவற்றுக்கு நிலையான வோல்ட் கொடுக்கும் சிறு ரெகுலேட்டரைப் பாருங்கள். எல்லா வண்டியிலும் அது இருக்காது. இரண்டு மீட்டர் ஒரே நாளில் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டீசல் மீட்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டேங்க்குக்குள் மிதவை இருப்பதால் ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் ஒன்றும் காட்டும், அது பழுதல்ல. சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இதற்கும் பொருந்தும். எந்தப் பக்கம் முள் போகும் என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்ரோல் வண்டியானால் டேங்க் அருகே பொறி பறக்கும்படி எதையும் செய்யக் கூடாது. டேங்க் காலியாகும் சமயம் 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை ஒரு அட்டையில் குறித்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆயில் விளக்கு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கும், அல்லது ஒயர் அறுந்திருக்கும், அல்லது விற்கிறவர் கழற்றிவிட்டிருப்பார். இங்கேயும் அறுந்த ஒயர் "சுகம்" என்றுதான் சொல்கிறது. ஓடும்போது விளக்கு எரிந்தால், ஸ்விட்ச் பழுதாக இருக்கலாம் என்று நினைத்து வீடுவரை ஓட்டக் கூடாது. உடனே நிறுத்தி, சமதளத்தில் சிறிது நேரம் விட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தாலும், ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் தனிப் பிரஷர் மீட்டரைப் பொருத்தி மெக்கானிக் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. என்ஜின் ஆறியிருக்கும் போதே போங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஏன் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். சாவியில் விளக்குகளைப் பாருங்கள். ஹீட் முள் கீழிருந்து நிதானமாக ஏறி ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே நடுவில் நின்றால் விலகிக்கொள்ளுங்கள். பாட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். கிலோமீட்டர் கணக்கை நம்புவதைவிடப் பெடல் ரப்பரின் தேய்மானத்தை நம்பலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் மூலம் முள் இயங்குவதால் ஒயரைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யவே கூடாது. அவற்றுக்கு ஸ்கேனர் உள்ள பட்டறையே சரி.

மலையேறும்போது நன்றாக ஏறியிருந்த ஹீட் முள் திடீரென்று விழுந்தால், அதைத்தான் முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். இறக்கத்தில் மெல்ல இறங்குவது இயல்பு. ஏற்றத்தில் விழுவது இயல்பல்ல. அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் என் ஜீப்பிலேயே இதையெல்லாம் செய்து காட்டுகிறேன். டெஸ்ட் லேம்பும் உப்புத்தாளும் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வண்டிகளையும் வரிசையாக நிறுத்துங்கள். ஹெட்லைட் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.