வகுப்பறைக்கு முன் ஓர் ஒத்திகை

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஃபிர்அவ்னிடம் செல்லும்படி மூஸா (அலை) அவர்களுக்குக் கட்டளை வந்தபோது, அவர்கள் படையைக் கேட்கவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தரவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும், துணைக்குச் சகோதரர் ஹாரூனைத் தரவும் இறைவனிடம் வேண்டினார்கள். பிறர் முன் நின்று பேச நெஞ்சுரமும் வேண்டும், பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம்.

பி.எட். படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகக் கட்டணம் கட்டி வருகிறோம். அத்துடன் கடமை முடிந்ததென்று நினைத்தோம். அது எங்கள் தவறு. உதவி பெற்ற ஒரு பிள்ளை, கற்பித்தல் பயிற்சிக்குப் போன மூன்றாம் நாளே அழுதுகொண்டு வீடு திரும்பினார். வகுப்பே ஒரே நேரத்தில் பேச, எழுதிப்போன பாடக்குறிப்பு கையிலேயே நின்றுவிட்டது. அவருடைய அத்தா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் கூலித் தொழிலாளி. "நீங்க கட்டுன பணத்தத் திருப்பிக் குடுத்துர்றேன்ணே, பிள்ளைய வற்புறுத்தாதீங்க" என்று அவர் சொன்னபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. அதில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெறவேண்டும். அந்த 20 வாரங்களுக்குள் நுழையும் முன்னரே பயம் தெளியவேண்டும். குமுளி மலைப்பாதையில் வண்டி ஓட்டப்போகிறவர் முதலில் மைதானத்தில்தானே ஓட்டிப் பழகுகிறார்?

இதற்கொரு முறை முன்பே இருக்கிறது. 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கியது. நம் கல்லூரிகள் இதை நுண்நிலைக் கற்பித்தல் என்கின்றன. நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த முறையில் ஒரு சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்துரை, 12 நிமிடம் திருத்திய திட்டம், மீண்டும் 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்துரை. சக பயிற்சியாளர்களே மாணவர்களாக உட்காருவார்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு திறன்தான்: பாடத்தைத் தொடங்குவது, கேள்வி கேட்பது, விளக்குவது என்று.

இதைத்தான் ஞாயிறு காலைகளில் மதரஸா மாடியில் நடத்திவருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் வழிநடத்துகிறார்கள். மாணவராக உட்காருகிறவர்களுக்கு இரகசியமாகத் துண்டுச்சீட்டு தரப்படும். ஒருவர் தவறான பதில் சொல்பவர். ஒருவர் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பவர். இன்னொருவர் விடியுமுன் தோட்ட வேலைக்குப் போன தாய்க்குப் பதிலாக வீட்டு வேலை முடித்துவந்து வகுப்பில் தூங்குபவர். தூங்கும் பிள்ளையை எப்படி எழுப்புவது, என்ன கேட்பது என்று பாடம் நடத்துகிறவர் அங்கேயே முடிவெடுக்கவேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்தும் வழியையும் பழகித்தானே ஆகவேண்டும்?

தெரிந்த ஒருவர் மாணவர்போல் உட்காருவது விளையாட்டுத்தனம் என்று சில பெரியவர்கள் கருதினார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேள்வி கேட்டதை ஹதீஸில் படிக்கிறோம். வந்தவர் மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார் என்று நபியவர்களே பின்னர் விளக்கினார்கள். கேட்டவர் விடை தெரிந்தவர், பயன் சபையோருக்கு.

சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். முதலில் பாடம் நடத்தியவர் பேசுவார். பிறகு நன்றாக இருந்தவை இரண்டு, மாற்றவேண்டியது ஒன்று. கேலிக்கு இடமில்லை. எந்தப் பிள்ளையின் சாதியையோ, சமயத்தையோ, உடற்குறையையோ நடித்துக் காட்டக்கூடாது. இது பள்ளிப் பயிற்சிக்கு மாற்றும் அல்ல. இருபது வயதுப் பெண் ஆறாம் வகுப்புப் பிள்ளையாகவே மாறிவிட முடியாது.

அழுது திரும்பிய அந்தப் பிள்ளையும் வந்தார். முதலில் சில வாரம் மாணவியாக மட்டுமே உட்கார்ந்தார். பிறகு எழுந்து பாடம் நடத்தினார். அடுத்த பருவத்தில் பள்ளிப் பயிற்சியை முடித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்டோம். "பயம் இருக்கு. ஆனா சத்தம் வந்தா என்ன செய்யணும்னு தெரியுது" என்றார்.

1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி தொடங்கியதால், இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பக்கத்திலேயே பட்டம் படிக்க முடிந்தது. பெரியவர்கள் கட்டடம் தந்தார்கள். நாங்கள் இன்று உங்களிடம் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுபெற்ற ஆசிரியர் எந்தச் சமூகத்தவராயினும் வாருங்கள். பெற்றோரே, பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.

நம் பிள்ளைகளின் நெஞ்சை வல்ல அல்லாஹ் விரிவாக்கி, நாவின் முடிச்சை அவிழ்த்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.