மாத்திரைக்கு வழி தெரியுமா?



தலைவலிக்கு உட்கொள்ளும் மாத்திரை தலையை நாடிச் செல்கிறது என்றும், காய்ச்சலுக்குரியது காய்ச்சலைத் தேடிப் பிடிக்கிறது என்றும் நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மாத்திரைக்கு வழி தெரியாது. அது குடலிற் கரைந்து, இரத்தத்திற் கலந்து, முதலில் கல்லீரலைக் கடந்து, பின்னரே உடலெங்கும் பரவுகிறது. தனக்குப் பொருந்தும் பொருள் எங்கே அகப்படுகிறதோ அங்கே பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. எஞ்சியதைக் கல்லீரல் உருமாற்ற, சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

இதனை விளக்கக் காசநோய் மருந்துகளைவிடத் தக்க சான்று நமக்கு இல்லை. அவற்றின் வரலாற்றில் சென்னைக்கும் நாம் வாழும் பெங்களூருக்கும் பெரும் பங்குண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியது. இங்கே பெல்லாரி சாலையிலுள்ள தேசியக் காசநோய்க் கழகம் 1959-இல் நிறுவப்பெற்று, மறு ஆண்டு பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பெற்றது.

ஐசோனியாசிட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். காசநோய்க் கிருமி மெழுகு போன்றதொரு போர்வையைப் போர்த்திருக்கிறது. அப்போர்வையை நெய்யும் தொழிலை இம்மருந்து நிறுத்துகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய போர்வை இல்லை. ஆகவே அவை பிழைக்கின்றன. இதில் மற்றொரு விந்தையும் உண்டு. விழுங்கிய நிலையில் ஐசோனியாசிட் கிருமியைக் கொல்ல வல்லதன்று. கிருமிக்குள்ளே இருக்கும் ஒரு நொதியே அதை நஞ்சாக்குகிறது! அந்த நொதி பழுதுற்ற கிருமிகள் கோடியில் சில எப்போதும் இருக்கும். அவை சாவதில்லை, மற்றவை மாண்டபின் அவையே பெருகும். ஒரே மருந்தைக் கொடாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இதுதான்.

இனி, அளவும் நேரமும். ஒருநாளுக்குரிய ஐசோனியாசிட்டை இரண்டாகப் பகுத்துக் கொடுப்பதைக் காட்டிலும் ஒரே வேளையிற் கொடுப்பதே நன்மை தருவதெனச் சென்னை ஆய்வாளர் கண்டனர். இரத்தத்தில் மருந்து ஒருமுறை உச்சத்தை எட்டுவதே முக்கியம். நாள் முழுதும் சிறிது சிறிதாக நிலவுவதன்று. எல்லா மருந்துக்கும் இவ்விதி பொருந்தும் என்று எவரும் கொள்ளவேண்டா. மேலும், இம்மருந்தைச் சிலருடைய கல்லீரல் விரைவாகவும் சிலருடையது மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. விரைவுடையோரிடம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், மற்றவரிடம் மூன்று மணி நேரத்திலும் மருந்து பாதியாகக் குறைகிறது. இது பெற்றோர்வழி வரும் இயல்பு. மெதுவாகக் கழிப்போர்க்குக் கைகால் எரிச்சல் தோன்றக்கூடும். சிறிதளவு பைரிடாக்சின் என்னும் வைட்டமின் சேர்த்தால் அதைத் தவிர்க்கலாம். அண்டை வீட்டாரின் மருந்துச் சீட்டை நாம் பின்பற்றுவது தகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ரிபாம்பிசின் என்னும் மருந்து சிறுநீரைச் செந்நிறமாக்கும். அது கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆயின் அது கல்லீரலை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரை போன்ற பிற மருந்துகளையும் விரைவில் அழியச் செய்யும். ஆதலின் நாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறிவிடுதல் வேண்டும்.

பெங்களூர்க் கழகத்தாரின் ஆய்வு ஒன்று 1963-இல் வெளிவந்தது. தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் சளியிற் கிருமியுள்ளோரைக் கண்டு விசாரித்தனர். மக்கள் நோயை உணராமல் வாளா இருக்கின்றனர் என்பதே அந்நாளைய நம்பிக்கை. ஆய்வு வேறு கதை சொல்லிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்பே மருத்துவ உதவியை நாடிச் சென்றிருந்தனர். பலர் ஒரு புட்டி இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பெற்றனர். இருமல் மருந்து இருமலைத்தான் தணிக்கும், கிருமியைத் தொடாது. குற்றம் நோயாளியினுடையதன்று என்பதை அவ்வாய்வு வெளிச்சமிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், புட்டியோடு திரும்பாமல் சளிச் சோதனையை நாமே கேட்டுப் பெறலாம்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், எடை கூடும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் மடிவதால் நேரும் பயன் இது. உறங்குவது போலக் கிடக்கும் கிருமிகளோ எளிதில் அகப்படா. அவற்றின்பொருட்டே சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. நம்மவர்க்கு இடையூறு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. பொங்கலுக்கோ, குலதெய்வ வழிபாட்டுக்கோ, கட்டட வேலை முடிந்தோ தர்மபுரிக்கும் திருவண்ணாமலைக்கும் செல்கிறோம். மாத்திரை அல்சூர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. உடலும் தேறியிருப்பதால் நினைவு வருவதில்லை.

புறப்படுமுன் மருந்து கொடுக்கும் நிலையத்தில் சொன்னால், பயண நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகளைக் கேட்டுப் பெறலாம். நெடுநாள் தங்குவதாயின் சிகிச்சையை அவ்வூர் அரசு சுகாதார நிலையத்துக்கே மாற்றிக்கொள்ளலாம், நோயாளிக்கு அளிக்கப்படும் பதிவு எண் எல்லா மாநிலங்களுக்கும் பொது, மருந்துக்கு விலையில்லை. சிகிச்சை அட்டை கன்னடத்தில் இருப்பினும் கவலையில்லை. எண்ணைக் காட்டினால் போதும்.