உவர்நீரும் சிறு கீறலும்

விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது கழிமுகங்களிலும் கடலோர உவர்நீரிலும் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. சாக்கடை கலந்தால்தான் வரும் என்பதில்லை. தெளிந்த நீரிலும் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் வேகமாகப் பெருகும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் மே முதல் அக்டோபர் வரை இது உண்டாக்கும் தொற்று அதிகம். 2022இல் இயன் புயல் வெள்ளத்துக்குப் பின் ஃபுளோரிடாவில் பலர் இதற்கு ஆளாயினர்.

சிப்பி ஓடு கிழித்த கீறல், மீன் முள் குத்திய துளை, ஆறாத கொப்புளம் எதுவானாலும் இந்த பாக்டீரியா உடலில் புகப் போதும். காயம் பட்டவுடன் கரையேறி, சோப்புப் போட்டு, ஓடும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். உப்புநீரே மருந்து என்று கடலிலேயே அலசுவது வீண் நம்பிக்கை. கழுவிய பிறகு சுத்தமான கட்டு. ஏற்கெனவே புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நீர்புகாத பிளாஸ்திரி தேவை.

கல்லீரல் நோயாளிகளுக்கு ஆபத்து மிகக் கூடுதல். காயம் சிவந்து வீங்கினாலோ, சிறு கீறலுக்குப் பொருந்தாத வலியும் காய்ச்சலும் வந்தாலோ, நீர்க்கொப்புளம் எழும்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கடல்நீரில் பட்ட காயம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த ஆன்டிபயாடிக் என்பதை அது தீர்மானிக்கும். தொற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கின்றனர், சிலர் ஓரிரு நாளிலேயே.