பிடி அரிசியின் பெருமை

மீஞ்சூர் நிலையத்தில் நாம் சென்னை செல்லும் மின்சார ரயிலுக்காகக் காத்து நிற்கையில், நில்லாமல் வடக்கே விரையும் தொலைதூர வண்டிகளுள் சில, விஜயவாடாவைக் கடந்து டோர்னக்கல் சந்திப்பின் வழியே செல்கின்றன. அவ்வூருக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் உள்ள பந்தம் விசேஷமானது.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோரின் முயற்சியால் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஸ்தாபிதமாயிற்று. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பவையே அதன் பிரதான நியமங்கள். அயல்நாட்டுச் சபையாரின் தர்மத்தால் பள்ளிக்கூடங்களைப் பெற்றிருந்த நெல்லைக் கிறிஸ்தவர்கள், தாமும் கொடுப்போராகி, அந்நாளில் நிஜாம் ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த டோர்னக்கல் பிரதேசத்துக்குத் தம் செலவிலேயே ஊழியர்களை அனுப்பினார்கள். அவர்கள் தெலுங்கு கற்று, அட்சராப்பியாசத்துக்கே வழியற்றிருந்த ஏழைகளின் குழந்தைகளுக்குக் கிராமங்களில் கல்வி புகட்டலாயினர்.

இத்தகைய கைங்கரியங்களுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, அதனை ஆலயத்தில் காணிக்கையாகச் செலுத்துவது நெல்லைச் சபைகளின் இல்லத்தரசிகளுடைய வழக்கம். அவ்வரிசியை விற்ற பணம் ஊழியத்துக்கு உதவிற்று.

1912-இல் அசரியா டோர்னக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி வகித்த முதல் இந்தியர் என்னும் கீர்த்தியும் பெற்றார். பிடி அரிசி நமக்கு உணர்த்துவது இதுவே: தனவந்தர் ஒருவர் தருகிற பெருந்தொகை ஒரு கட்டடத்தை எழுப்பக்கூடும். ஆயினும் அதனை ஆண்டாண்டாகப் பராமரிப்பது, பலரும் நாள்தோறும் தவறாது தருகிற சிறு கொடையேயாகும்.