கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழர் அந்நகரில் இலர் எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி அது. அரிசியும் மளிகையும் பாத்திரமும் விற்கும் அத்தெருவில் மலையாளத்தோடு தமிழும் இன்றளவும் ஒலிக்கின்றது. அங்காடியில் அரிசி வாங்குவோர் ஒரு பிடி அள்ளிப் பார்த்த பின்னரே விலை பேசுவது வழக்கம். இன்றோ அரிசியும் துணியும் கைப்பேசி வழியே வீடு தேடி வருகின்றன. மூக்குக் கண்ணாடியும் வருகின்றது. அவ்வாறு வாங்குவது நலமா, கடைக்குச் சென்று வாங்குவது நலமா என்பதைச் சிறிது சிந்திப்போம்.

கண்ணாடி பெறுவதில் இரண்டு வேலைகள் உள. கண்ணைச் சோதித்து அளவு எழுதுதல் ஒன்று. அவ்வளவின்படி கண்ணாடி செய்து முகத்திற்குப் பொருத்துதல் மற்றொன்று. முன்னதைக் கைப்பேசித் திரை முழுமையாகச் செய்ய இயலாது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைக் கவர்ந்துவிடும். நீரிழிவால் விழித்திரை கெடுவதும் தொடக்கத்தில் புலப்படாது. நாற்பதைக் கடந்தோர், வெள்ளெழுத்துத்தானே என்று கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பின் இந்நோய்கள் மறைந்தே வளரும். ஆகவே மருத்துவரிடம் கண்ணைக் காட்டுதலே முதற்கடமை. திருவனந்தபுரத்தில் இதற்கென அரசு கண் மருத்துவமனையே உள்ளது.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் இங்கே கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. சோதிப்பவர் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, ‘முன்னது தெளிவா, பின்னது தெளிவா?’ என்று வினவுவார். நாம் கூறும் விடையைக் கொண்டே அளவு முடிவாகின்றது. வினா விளங்காமல் தலையசைத்தால், பிழை கண்ணாடியில் வந்து சேரும். உள்ளூர் மொழி நன்கு அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று. கிட்டப் பார்வையைச் சோதிக்கத் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றையும் கொண்டுசெல்லலாம். கணக்கெழுதுவோர், தைப்போர், பொன்வேலை செய்வோர் ஆகியோர் தம் வேலை கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதென்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இனி, இரண்டாம் வேலைக்கு வருவோம். வில்லையின் மையம் கண்மணிக்கு நேரே அமைதல் வேண்டும். இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறுபடும். அதில் 5 மில்லிமீட்டர் பிழை நேர்ந்ததெனக் கொள்வோம். ஆற்றல் 1 டையாப்டராயின், ஒரு மீட்டர் தொலைவில் ஒளி அரை சென்டிமீட்டரே விலகும். 4 டையாப்டராயின் 2 சென்டிமீட்டர் விலகும். அவ்விலக்கத்தை ஈடுசெய்யக் கண்கள் ஓயாது உழைக்க, தலைவலி தோன்றும். தூரத்திற்கும் கிட்டத்திற்கும் ஒருங்கே பயன்படும் வில்லைகளுக்கோ, சட்டகத்தை முகத்தில் மாட்டிப் பார்த்து உயரத்தையும் குறித்தல் வேண்டும்.

அமெரிக்காவில் இணைய வழி வாங்கிய 154 கண்ணாடிகளைச் சோதித்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஏதேனும் ஒரு சோதனையில் தேறவில்லை. பிரித்தானியச் சட்டமோ, 16 வயது நிரம்பாத சிறாருக்குப் பதிவுபெற்ற வல்லுநரின் மேற்பார்வையிலன்றிக் கண்ணாடி விற்றலாகாது என்கின்றது.

எனின், இணைய வாணிகம் தீதென்பது நம் கருத்தன்று. அங்கே விலை வெளிப்படையாகத் தெரிகின்றது. பல கடைகளின் விலையை ஒப்பிடவும் இயலும். குறைந்த ஆற்றலுள்ள, ஒரே பார்வைக்குரிய கண்ணாடியை, அளவு முழுதும் கையிலிருப்பின், அவ்வழியே தயங்காது வாங்கலாம். மிகுந்த ஆற்றலுள்ளவை, இருபார்வைக்குரியவை, சிறுவர்க்குரியவை ஆகியவற்றைக் கடையில் முகத்திற்கு அளந்து வாங்குவதே தக்கது. காது வலித்தால் கம்பியை வளைத்துத் தரவும், திருகு கழன்றால் முடுக்கித் தரவும் கடைக்காரர் அருகிலிருப்பார்.

எவ்வழியாயினும், மருத்துவர் எழுதிய அளவுச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். கண்மணிகளின் இடைத்தூரத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு அச்சீட்டு எங்கும் துணையாகும். இணையத்தில் வாங்குவோர், திருப்பித் தரும் விதியை முன்னரே படித்தறிதல் வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, முறையீடு கிடைத்ததை நிறுவனம் 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணுதல் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதுக் கண்ணாடியால் சில நாட்கள் தரை சற்றே சாய்ந்தாற்போல் தோன்றுதல் இயல்பு. இரு வாரங்கள் கடந்தும் அது நீங்காவிடின், பழகிவிடும் என்று பொறுத்திராமல், கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு சோதித்தவரிடமே செல்லுங்கள்.